நாய்க்குப் பாக்கெட் தீவனம்... கூட என்ன கலக்கலாம்?

‘தோட்டத்துக் காவலுக்கு ஒரு கோம்பை நாய் வளர்க்கிறோம். கடையில் விற்கும் பாக்கெட் தீவனம் வாங்கிப் போட ஆரம்பித்தோம். முதல் ஒரு வாரம் ஆசையாகச் சாப்பிட்டது. இப்போது மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. குழம்பு, பால், ஆட்டுக்குடல் என்று எதையாவது கலந்தால்தான் வாய் வைக்கிறது. எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது?’

போடிநாயக்கனூர் அருகேயுள்ள ராசிங்காபுரம் பக்கமிருந்து வந்திருக்கும் கேள்வி இது. ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க முடியாத கேள்வி என்பதால், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் ராசிங்காபுரம். இங்கே நாய் என்பது அழகுக்கு வளர்ப்பதல்ல. ஆட்டுப்பட்டிக்குக் காவல், களத்துக்குக் காவல், ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கினால் குரல் கொடுக்கும் ஆள். அதே சாலையில் தெற்கே போனால் தேவாரம், பண்ணைப்புரம் தாண்டி கோம்பை. செம்பழுப்பு நிறமும் கறுத்த மூஞ்சியுமாக, காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன கோம்பை நாய் இந்த ஊர்ப்பெயரைத்தான் சுமக்கிறது. 2020-ம் ஆண்டு ஆகஸ்ட் மாத ‘மனதின் குரல்’ உரையில், ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றோடு கோம்பை நாயின் பெயரையும் பிரதமர் குறிப்பிட்டார். அதன்பிறகு நாட்டு நாய்களைத் தேடுபவர்கள் கூடினார்கள். குட்டிகளோடு சேர்த்து, பாக்கெட் தீவனமும் கிராமத்துக் கடைகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

கூழும் பாக்கெட்டும்

நம் முன்னோர்கள் நாய்க்குத் தனியாகச் சமைத்ததில்லை. கம்பங்கூழ், கேப்பைக் களி, சோளச்சோறு, மோர், வீட்டில் கறி எடுத்தால் மிச்சம்மீதி... இவ்வளவுதான். ‘அதைத் தின்றுதானே அந்தக் காலத்து நாய்கள் பன்றியை விரட்டின?’ என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், அந்த நாய்கள் காட்டில் முயலையும் எலியையும் உடும்பையும் தாங்களே பிடித்துத் தின்றன. கூழில் இல்லாத புரதமும் கொழுப்பும் அப்படித்தான் கிடைத்தன. இன்றைக்குக் கட்டிப்போட்டு வளர்க்கும் நாய்க்கு அந்த வழி இல்லை. காட்டுக்குள் வேட்டைக்கு விடுவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது.

கேப்பையில் சுமார் 7% புரதம் இருக்கிறது. கம்பில் 11%. வளர்ந்த நாய்க்கான உணவில், ஈரம் நீக்கிய கணக்கில், குறைந்தது 18% புரதமும், குட்டிகளுக்கு 22.5% புரதமும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கம் வைத்திருக்கும் அளவுகோல். உலகம் முழுக்கப் பல நிறுவனங்கள் இதைப் பார்த்துத்தான் தீவனம் தயாரிக்கின்றன. ஆக, கூழை மட்டும் ஊற்றி வளர்க்கும் நாய் வயிறு நிறைந்திருக்கும், தசை பிடிக்காது.

நல்ல பாக்கெட் தீவனத்தில் புரதம், கொழுப்பு, சுண்ணாம்புச்சத்து, பாஸ்பரஸ், வைட்டமின் எல்லாமே கணக்குப் போட்டுச் சேர்க்கப்பட்டிருக்கும். பையின் பின்பக்கத்தில் ‘முழுமையான, சரிவிகித உணவு’ என்ற பொருளில் எழுதியிருக்கிறதா, ‘அடல்ட்’டா ‘பப்பி’யா, புரதம் எத்தனை சதவிகிதம், எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்று பார்த்து வாங்குங்கள். படித்துப் பார்க்க வீட்டில் இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையே போதும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாம் அளந்து வைத்திருக்கும் உணவில் நாம் எதைக் கூடுதலாகக் கொட்டினாலும் அந்த அளவு கலைந்துவிடும். கலக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. அளவோடு கலக்க வேண்டும்.

முதலில் கலக்க வேண்டியது தண்ணீர்!

பாக்கெட் தீவனத்தில் ஈரம் சுமார் 10 சதவிகிதம்தான். வடித்த சோற்றிலோ 70 சதவிகிதத்துக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கும். கூழில் அதைவிட அதிகம். கூழும் சோறும் தின்று பழகிய நாய், சாப்பாட்டிலேயே பாதித் தண்ணீரைக் குடித்துவிடும். அதைத் திடீரென்று உலர்ந்த தீவனத்துக்கு மாற்றும்போது, தாகம் எடுக்கிறது. தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தால் சாப்பாட்டையும் ஒதுக்குகிறது. மலம் இறுகிப் போகிறது.

ஒரு நாய்க்கு, கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லி வரை தினமும் தண்ணீர் தேவை. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டரிலிருந்து 1.2 லிட்டர். வெயிலிலும் ஓட்டத்திலும் இன்னும் கூடும். அதனால், ஒரு பங்கு தீவனத்துக்கு அரைப் பங்கிலிருந்து ஒரு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, 10-15 நிமிடம் ஊறவிட்டு வையுங்கள். சூடு பட்டதும் தீவனத்தின் கொழுப்பு வாசனை கிளம்பும். மோந்து பார்த்துவிட்டுப் போகும் நாய்களில் பல, இந்த வாசனைக்கே திரும்பி வந்துவிடும். செலவில்லாத வைத்தியம் இது.

ஊறிய தீவனம் நம்மூர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். வைத்த அரை மணி நேரத்துக்குள் சாப்பிடாவிட்டால் எடுத்துவிடுங்கள். மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம்.

தண்ணீர் வைக்கிற பாத்திரத்திலும் கவனம் தேவை. பூச்சிமருந்து வந்த டப்பாவை வெட்டி நாய்க்குத் தண்ணீர் வைக்கும் பழக்கம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அது சாப்பாட்டுப் பாத்திரம் ஆகாது.

பத்தில் ஒரு பங்கு கணக்கு

ஒரு நாளைக்குத் தேவையான மொத்த கலோரியில், நாம் கூடுதலாகக் கலக்கும் பொருள்கள் 10 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. கால்நடை உணவியலில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் விதி இது. இந்த அளவுக்குள் இருந்தால், பாக்கெட்டில் இருக்கும் சத்துகளின் சமநிலை கெடாது.

100 கிராம் தீவனத்தில் சுமார் 350 கலோரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அளவாக நடமாடும் வளர்ந்த நாய்க்கு உத்தேசக் கணக்கு இது.

10 கிலோ நாய்: தீவனம் மட்டும் என்றால் 180 கிராம். கூடுதல் பொருள் கலந்தால் தீவனம் 160 கிராம், கலப்பது 60 கலோரி.

15 கிலோ நாய்: தீவனம் மட்டும் 245 கிராம். கலந்தால் தீவனம் 220 கிராம், கலப்பது 85 கலோரி.

20 கிலோ நாய்: தீவனம் மட்டும் 300 கிராம். கலந்தால் தீவனம் 270 கிராம், கலப்பது 100 கலோரி.

30 கிலோ நாய்: தீவனம் மட்டும் 410 கிராம். கலந்தால் தீவனம் 370 கிராம், கலப்பது 140 கலோரி.

இது ஒரு நாள் முழுவதுக்குமான அளவு. காலை, மாலை என இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி முழுக்கச் சுற்றிவரும் நாய்க்கும், குளிரும் மழையுமான மேல்மலைத் தோட்டத்தில் இருக்கும் நாய்க்கும் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். கட்டியே கிடக்கும் நாய்க்குக் குறைவாகவே போதும்.

அளவு சரியா என்று தெரிந்துகொள்ளத் தராசு தேவையில்லை. உங்கள் கையை முஷ்டியாக மடக்கி, விரல் மூட்டுகளைத் தடவிப் பாருங்கள். நாயின் விலா எலும்பு அப்படி முட்டிக்கொண்டு தெரிந்தால், உணவு போதவில்லை. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். விலா அந்த மாதிரி தட்டுப்பட்டால் சரியான உடம்பு. உள்ளங்கையைப் போல மெத்தென்று இருந்து எலும்பே தட்டுப்படாவிட்டால், கொழுப்பு ஏறிவிட்டது. மாதம் ஒருமுறை இப்படிப் பார்த்து, தீவனத்தைக் கூட்டிக் குறையுங்கள்.

என்னென்ன கலக்கலாம்?

முட்டை: வேகவைத்த ஒரு முட்டையில் சுமார் 70 கலோரியும் 6 கிராம் புரதமும் இருக்கின்றன. 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஒன்று போதும். பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற பொருள், பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேரவிடாமல் செய்யும். சால்மொனெல்லா கிருமியும் இருக்கலாம். வேகவைத்தே கொடுங்கள்.

கோழிக்கறி: உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, தோலும் எலும்பும் நீக்கி, 60 கிராம். இது ஏறக்குறைய 100 கலோரி. வேகவைத்த தண்ணீரையும் கொழுப்பை எடுத்துவிட்டுத் தீவனத்தில் ஊற்றலாம். வெங்காயம், பூண்டு போடாத தண்ணீராக இருக்க வேண்டும்.

மீன்: மத்தி கிடைத்தால் வேகவைத்து, முள் நீக்கி, வாரம் ஓரிரு முறை கொஞ்சம் கலக்கலாம். தோலுக்கும் முடிக்கும் நல்லது. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

தயிர், மோர்: வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைவு. அதனால்தான் பால் ஊற்றினால் கழிகிறது. தயிரில் அந்தச் சர்க்கரை ஓரளவு குறைந்திருக்கும். உப்புப் போடாத தயிர் இரண்டு, மூன்று கரண்டி போதும். மோர் என்றால் வெறும் மோர். தாளித்த நீர்மோர் அல்ல.

காய்கள்: வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி, கேரட், பீன்ஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. பூசணியில் கலோரி மிகக் குறைவு, நார்ச்சத்து உண்டு. மலம் இறுகினாலும், லேசாக இளகினாலும் இரண்டு கரண்டி பூசணி உதவும். உடம்பு போட்ட நாய்க்குத் தீவனத்தைக் குறைத்துவிட்டு, வயிறு நிறையப் பூசணியும் பீன்ஸும் கொடுக்கலாம்.

சோறு, களி: வடித்த சோறு 75 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, சுமார் 100 கலோரி. கெடுதல் இல்லை. ஆனால், இது வயிற்றை நிரப்பும் பொருள்தான். ஒரு கைப்பிடி என்பது நாளடைவில் அரைத் தட்டாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழம்: வாழைப்பழத் துண்டு, விதை நீக்கிய பப்பாளி கொஞ்சமாகக் கொடுக்கலாம். போடி வட்டாரம் மாம்பழத்துக்குப் பேர்போனது. சதையைக் கொஞ்சம் தின்றால் பாதகமில்லை. கொட்டையை விழுங்கினால் குடலில் போய் அடைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சை வரை போக நேரிடும். சீசனில் தோட்டத்தில் கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்கிவிடுங்கள்.

எதுவாக இருந்தாலும், ஒரு சமயத்தில் ஒரே ஒரு புதுப் பொருள். மூன்று, நான்கு நாள் கொடுத்துப் பார்த்து, வாந்தி, கழிச்சல், அரிப்பு இல்லை என்றால் அடுத்தது.

எதையெல்லாம் கலக்கக் கூடாது?

வெங்காயம், பூண்டு: நம் குழம்பில் இவை இல்லாமல் இருக்காது. நாயின் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை இவை உடைக்கின்றன. நாயின் உடல் எடையில் 0.5 சதவிகிதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே நேரத்தில் உள்ளே போனால், பாதிப்பு நிச்சயம். 20 கிலோ நாய்க்கு அது 100 கிராம். ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம்தான். வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக்கினாலும் இந்தத் தன்மை போகாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் ரத்தசோகை வரும். ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, சிறுநீர் காபி நிறத்தில் போனால், உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

திராட்சை: கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை நமக்குப் பெருமை. நாய்க்கோ திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் விஷம். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது. ஒரு நாய் தாக்குப்பிடிக்கும். இன்னொன்று கொஞ்சத்திலேயே சாய்ந்துவிடும். தின்ற ஒரு நாளைக்குள் வாந்தி வரும். அடுத்த ஒன்றிரண்டு நாள்களில் சிறுநீர் குறைந்து, நின்றேபோகும். அறுவடையின்போது கழித்துப்போடும் திராட்சையை நாய் வளர்ப்பவர்கள் குவித்து வைக்கக் கூடாது.

புளி: திராட்சையில் விஷமாக இருப்பது எது என்று பல ஆண்டுகளாகத் தெரியாமல் இருந்தது. அமெரிக்காவில் விலங்குகளுக்கான நச்சு ஆலோசனை மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள், அது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ம் ஆண்டில் முன்வைத்தார்கள். அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2022-ம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையில் பதிவு செய்தார்கள். புளியம்பழமும், புளிக்குழம்பும், திக்கான ரசமும் நாய்க்கு வேண்டாம். புளி உலர்த்தும் களத்தில் குட்டி நாய்களை விடாதீர்கள்.

காபி, சாக்லேட்: போடி மலைச்சரிவுகளில் காபி விளைகிறது. காபிப் பழம், உலர்ந்த தோல், வடிகட்டிய சக்கை எல்லாவற்றிலும் காஃபின் இருக்கும். நாய்க்குப் படபடப்பு, வாந்தி, வேகமான இதயத்துடிப்பு, வலிப்பு வரை கொண்டுபோகும். சாக்லேட்டிலும் இதே வகைப் பொருள் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கென விற்கும் சில இனிப்புகளில் சேர்க்கப்படும் சைலிட்டால், நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும்.

வேகவைத்த எலும்பு: வெந்த கோழி எலும்பு ஊசிபோல உடையும். தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

கொழுப்பு: கறிவிருந்து முடிந்ததும் ஆட்டுக்கொழுப்பை மொத்தமாக நாய்க்குக் கொட்டுவோம். அடுத்த நாள் வாந்தி எடுத்து, வயிற்றைத் தொடவிடாமல் முதுகை வளைத்து நிற்கும். கணையம் வீங்கியிருக்க வாய்ப்பு உண்டு. இது உயிருக்கே ஆபத்தானது.

கால்சியம் டானிக்: ‘குட்டிக்குக் கால் உறுதியாகணும்’ என்று தீவனத்தோடு கால்சியம் பொடி கலப்பவர்கள் அதிகம். பப்பி தீவனத்தில் ஏற்கெனவே தேவையான அளவு இருக்கிறது. கூடுதலாகப் போட்டால், குறிப்பாகப் பெரிய இனக் குட்டிகளுக்கு, எலும்பு வளர்ச்சி கோணலாகும். சினை நாய்க்கு மருத்துவர் சொல்லாமல் கால்சியம் கொடுத்துவந்தால், குட்டி போட்ட பிறகு பால்சுரம் வந்து நடுக்கமும் வலிப்பும் ஏற்படலாம். மாட்டுக்கு வரும் அதே பால்சுரம்தான். நாயில் உடம்பு விறைத்து இழுக்கும்.

ஆட்டுக்குடலும் நீர்க்கட்டியும்

கேள்வி கேட்டவர் ஆட்டுக்குடலையும் குறிப்பிட்டிருக்கிறார். இதைத் தனியாகப் பேச வேண்டும். இது நாயோடு முடிகிற விஷயமல்ல.

வீட்டில் ஆடு அறுத்தால், ஈரலிலோ நுரையீரலிலோ தண்ணீர் கோத்த கட்டிகள் தென்படுவது உண்டு. ‘இது ஆகாது’ என்று அதை அப்படியே நாய்க்குத் தூக்கிப் போடுவார்கள். அந்தக் கட்டிக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம். பச்சையாகத் தின்ற நாயின் குடலில் அது புழுவாக வளர்கிறது. நாய்க்கு எந்த நோய்க்குறியும் தெரியாது. ஆனால், நாயின் மலத்தில் புழுவின் முட்டைகள் வெளியேறி, புல்லில் ஒட்டிக்கொள்ளும். அதை மேயும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மறுபடி நீர்க்கட்டி. நாயைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் குழந்தைக்கும் அதே நீர்க்கட்டி! மனிதருக்கு ஈரலிலும் நுரையீரலிலும் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளர்ந்து, கடைசியில் அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் விடும்.

வழி எளிமையானது. கட்டி உள்ள உறுப்பை நாய்க்குப் போடவே கூடாது. நாய் தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதைத்துவிட வேண்டும். நல்ல குடல், ஈரலைக் கொடுப்பதாக இருந்தால், துண்டு போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு கொஞ்சமாகக் கலக்கலாம். ஈரலில் வைட்டமின் ஏ அதிகம் என்பதால் வாரத்தில் ஒரு நாள் போதும். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாடாப்புழுவுக்கும் வேலை செய்யும் குடற்புழு நீக்க மருந்து கட்டாயம் கொடுக்க வேண்டும்.

பூஞ்சணம் பிடித்தால் பையோடு போகட்டும்

பெரிய பை வாங்கினால் கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம். ஆனால், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலைத் தோட்டத்துக் கொட்டகையில் இரண்டு மாதம் திறந்து கிடக்கும் பையில் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். மக்காச்சோளம் சேர்ந்த தீவனத்தில் பூஞ்சணம் வளர்ந்தால், அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாகும். நாயின் ஈரல் இதைத் தாங்காது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் சில பாக்கெட் தீவனங்கள் இந்த நச்சு காரணமாகத் திரும்பப் பெறப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் தெரிவித்தது. ஆலையிலிருந்து வரும் பைக்கே அந்தக் கதி என்றால், ஈரத்தில் கிடக்கும் பைக்குக் கேட்கவே வேண்டாம்.

ஒரு மாதத்தில் தீர்கிற அளவுக்கே வாங்குங்கள். பையோடு அப்படியே மூடி போட்ட டின்னில் வைத்து, தரையில் படாமல் பலகை மேல் ஏற்றுங்கள். சிக்குவாடை அடித்தாலோ, கட்டி பிடித்திருந்தாலோ தூக்கி எறிந்துவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் பூஞ்சணம் போகலாம், நச்சு போகாது. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குக்கும் இதே விதிதான்.

வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

‘கூழிலிருந்து பாக்கெட் தீவனத்துக்கு எப்படி மாற்றுவது?’

பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் கால் பங்கு தீவனம், முக்கால் பங்கு பழைய உணவு. அடுத்த மூன்று நாள் பாதிப் பாதி. அதற்கடுத்த மூன்று நாள் முக்கால் பங்கு தீவனம். பத்தாவது நாள் முழுத் தீவனம். அவசரப்பட்டால் கழிச்சல்தான் மிஞ்சும்.

‘எதையாவது கலந்தால்தான் சாப்பிடுகிறது. என்ன செய்வது?’

நாய்க்கு அதை நாம்தான் பழக்கிவிடுகிறோம். இன்றைக்குச் சாப்பிடவில்லை என்று கறி போட்டால், நாளைக்கும் சாப்பிடாமல் காத்திருக்கும். குறித்த நேரத்தில் வையுங்கள்; அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். இடையில் பிள்ளைகள் பிஸ்கட் போடுவதை நிறுத்துங்கள். கலக்கும் பொருளைத் தீவனத்தோடு நன்றாகப் பிசைந்து வையுங்கள். மேலாகத் தூவினால் அதை மட்டும் பொறுக்கித் தின்னும். அதேநேரம், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய் ஒரு நாளுக்கு மேல் எதையும் தொடாமல் சோர்ந்து கிடந்தால், அது முரண்டு அல்ல; நோய். உண்ணிக் காய்ச்சல், குடற்புழு, பல்வலி என்று ஏதாவது இருக்கும். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

‘முழுக்கப் பாக்கெட் தீவனம் கட்டுப்படியாகவில்லை. பாதி சோறு, பாதி தீவனம் போடலாமா?’

20 கிலோ நாய்க்கு மாதம் 9 கிலோ தீவனம் ஆகும். கிலோ 200 ரூபாய் என்று வைத்தால், 1,800 ரூபாய். சிறு விவசாயிக்கு இது பெரிய தொகைதான். ஆனால், பாதியை வெறும் சோறாக மாற்றினால், புரதமும் தாதுச்சத்தும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். வீட்டுச் சாப்பாடு கூடுதலாகப் போக வேண்டியிருந்தால், சோற்றோடு முட்டை, கோழி, மீன் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அந்த அளவை, நாயின் எடையைச் சொல்லி உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குட்டிக்கும், சினை நாய்க்கும், பால் கொடுக்கும் நாய்க்கும் இந்தச் சிக்கனம் வேண்டாம். பணம் இறுக்கமாக இருக்கும்போது, விலை உயர்ந்த தீவனத்தைவிட வெறிநோய்த் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும்தான் முதல் செலவு. தடுப்பூசியைக் குட்டியின் மூன்றாவது மாதத்தில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் தேதியில் அடுத்த ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும்.

‘பச்சைக்கறி போட்டால்தான் நாய்க்கு ஆக்ரோஷம் வருமா?’

வராது. நாயின் குணம் இனத்தையும் பழக்கத்தையும் பொறுத்தது. பச்சைக்கறியால் வருவது கிருமியும் புழுவும்தான்.

‘குட்டிக்கு ஒரு நாளைக்கு எத்தனை வேளை?’

மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பிறகு இரண்டு வேளை. பால்பல் குட்டிக்குத் தீவனத்தை நன்றாக ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுங்கள்.

‘நாய் விஷப்பொருளைத் தின்றுவிட்டது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?’

கூடாது. உப்பே இன்னொரு விஷமாக மாறிவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற விவரத்தோடு, முடிந்தால் அந்தப் பொருளின் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். தோட்டத்தில் நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு குருணை, எலி மருந்து இரண்டையும் நாய் விரும்பித் தின்னும். நத்தை மருந்து தின்ற நாய் சில மணி நேரத்துக்குள் நடுங்க ஆரம்பித்துவிடும், காத்திருக்க நேரமில்லை. கால்நடை அவசர சேவைக்கான கட்டணமில்லா எண் 1962. தேனி மாவட்டத்தில் வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது.

ராசிங்காபுரம் வாசகருக்குச் சுருக்கமாக...

இன்று மாலையிலிருந்து குழம்பையும் பாலையும் பச்சைக் குடலையும் நிறுத்துங்கள். தீவனத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். வேகவைத்த ஒரு முட்டையையோ, ஒரு கைப்பிடி கோழிக்கறியையோ நன்றாகப் பிசைந்து வையுங்கள். கூடவே இரண்டு கரண்டி மசித்த பூசணி. இப்படிக் கலக்கும் நாளில் 20 கிலோ நாய்க்குத் தீவனத்தில் 30 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்தது எந்த மாதம் என்று நினைவில்லை என்றால், இந்த வாரமே நாயை மருந்தகத்துக்குக் கொண்டுபோய், எடை பார்த்து மருந்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.